தலைமையாசிரியைக்கு நான் எழுதிக்கொடுத்த ஸ்டடி சர்டிபிகேட்

1. எக்ஸ்ரே கொண்டுவந்தவர்

பெற்றோர் கூட்டம் நடக்கவிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், பள்ளிக்கூட ஹாலின் முதல் வரிசையில் ஒரு பெரியவர் மடியில் எக்ஸ்ரே உறையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் முனுசாமி. சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பேத்தி எங்களிடம் ஆறாம் வகுப்பு படித்தாள்.

நான் அந்தப் பள்ளியின் ஆபீஸ் கிளார்க், கலாவதி. பெங்களூருக்குக் கிழக்கே, தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில், கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள தனியார் பள்ளி அது. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. அந்தக் கூட்டம் நடந்தபோது எனக்கு வயது ஐம்பத்தொன்று.

"இன்னாங்க பெரியவரே, உறையெல்லாம் எடுத்துக்கினு வந்துகீறீங்க?" என்று கேட்டேன்.

"டாக்டர் எப்போ வருவாரும்மா? நெஞ்சுல சளி கீது. பழைய படம், புதுப் படம் ரெண்டும் கொண்டாந்துட்டேன்."

"டாக்டர் யாரும் வரலீங்க. இது பேரண்ட்ஸ் மீட்டிங்."

அவர் சட்டைப் பையிலிருந்து சர்க்குலரை எடுத்து நீட்டினார். நான் டைப் செய்தது. ஆங்கிலத்தில் 'பேரண்ட்ஸ் அனைவரும் தவறாமல் வரவும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பேஷண்ட்ஸ் அனைவரும் தவறாமல் வரவும்' என்று இருந்தது. கீழே தலைமையாசிரியை ஹேமாவதி மேடத்தின் கையெழுத்து.

"பேத்திதான் படிச்சு சொல்லிச்சு. எனக்கு நம்பிக்கை வரல. மூணு தபா படிக்கச் சொன்னேன்" என்றார் முனுசாமி.

அந்தச் சர்க்குலர் பள்ளியிலுள்ள எல்லாக் குழந்தைகளின் வீட்டுக்கும் போயிருந்தது. மற்றவர்கள் பார்த்துவிட்டு அவர்களாகவே சரியாக எடுத்துக்கொண்டார்கள், அல்லது படிக்கவே இல்லை. எழுதியிருந்தபடி நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். வந்ததே வந்தோம் என்று கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்து, பெண்பிள்ளைகள் கக்கூஸில் தண்ணீர் வருவதில்லையாமே, ஏன் என்று கேட்டார். அன்றைய கூட்டத்தில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். அடுத்த வாரம் குழாய் சரிசெய்யப்பட்டது.

எல்லோரும் சிரித்து அதோடு விட்டுவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அது முதல் தப்பு இல்லை, யாரோ ஒருவர் கண்ணில் பட்ட முதல் தப்பு.

2. மறைத்த விதம்

இளம் வயதில் என் ஃபைலில் ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடிக்க முடியாது. ஆசிரியர்கள் பரீட்சைக்கு முன் தங்கள் கேள்வித்தாளை என்னிடம் காட்டித் திருத்திக்கொண்டு போவார்கள். கன்னடம், ஆங்கிலம், தமிழ் மூன்றும் எனக்குக் கைப்பழக்கம். அந்தக் கைதான் ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் தன் இஷ்டத்துக்குப் போக ஆரம்பித்தது.

'நியூ பஸ் டைமிங்' என்று நோட்டீஸ் போர்டில் எழுதும்போது நியூவுக்கு முன்னால் கே என்ற ஆங்கில எழுத்தைப் போட்டேன். ஒரே வரியை இரண்டு முறை டைப் செய்தேன். தபால் பதிவேட்டில், வரிசை எண்ணோடு, 'சாம்பார் பொடி கால் கிலோ' என்று பதிந்தேன். அனுப்பியவர் பெயர் என்ற கட்டத்தில் கடைக்காரர் பெயரையும் எழுதியிருந்தேன். வீட்டில் கணவர் போன் செய்தால், "ஸ்கூல் ஆபீஸ், சொல்லுங்க" என்றேன். அவரும் ஒரு நாள், "அட்மிஷன் இருக்குதாங்க?" என்று கேட்டார். வேடிக்கைக்குத்தான் கேட்டார். நான் போனை வைத்துவிட்டு அழுதேன்.

பயம் எனக்கு ஒன்றுதான். மூளைக்குள் ஏதோ ஆரம்பித்துவிட்டது, வேலை போய்விடும், பிறகு வீட்டு விலாசமும் மறந்துபோகும் என்று நினைத்தேன். அதனால் மறைக்க ஆரம்பித்தேன். தப்பான பக்கங்களைக் கிழித்துக் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து முந்தின நாள் எழுதியதைத் திருத்தினேன். அகப்பட்டுக்கொண்டபோது கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டேன். ஒரு குற்றமும் செய்யாத கம்ப்யூட்டரை அதனால் இரண்டு முறை ரிப்பேருக்கு அனுப்பினார்கள். மெக்கானிக் இரண்டாம் முறை, "இதுல ஒண்ணுமே இல்லீங்களே" என்றபோது, "உங்களுக்குச் சரியாப் பார்க்கத் தெரியலை" என்று சொன்னேன். அந்தப் பையனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கடைசியில் வீட்டில் சொல்லாமல், ஆபீஸ் வேலையாகக் கோலாருக்குப் போகிறேன் என்று பொய் சொல்லி, ஒரு தனியார் டாக்டரிடம் போனேன். அவர் மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கடிகாரம் வரையச் சொன்னார். வரைந்தேன். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். என் கணவர் விடிவதற்கு முன் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். அவருக்குச் சமைத்துக் கொடுக்க மூன்றரைக்கு எழுந்திருப்பேன். அவர் திரும்பி வந்து சாப்பிட்டு முடிக்க இரவு பதினொன்று ஆகும். கணக்கை டாக்டரே போட்டுக்கொண்டார்.

"தப்பு பண்ணினது உங்களுக்கே தெரியுதா, அடுத்தவங்க சொல்லித்தான் தெரியுதா?"

"எனக்கே தெரியுது டாக்டர். அதுதான் கஷ்டமா கீது."

"அது நல்லதுதாம்மா. தூங்குங்க. நாலு வேலையை ஒண்ணாப் பண்ணாதீங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க, பார்க்கலாம்."

நிம்மதியாக வெளியே வந்து, வாசலில் விட்ட செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ் மாறுவதற்காகப் பங்காருபேட்டையில் இறங்கும்போதுதான் காலில் இருப்பது வேறு யாருடைய செருப்போ என்று தெரிந்தது. அதே நிறம், ஒரு விரற்கடை பெரிது.

3. ராஜேந்திரனின் மூத்த மகள்

டாக்டர் சொன்னதில் தூக்கத்தை மட்டும் கொஞ்சம் சரிசெய்தேன். நாலு வேலையை ஒன்றாகச் செய்வதை விட முடியவில்லை. மறைப்பதையும் விடவில்லை.

ஜூலை மாதம் எங்கள் ஆபீசுக்கு மூச்சு முட்டும் காலம். பழைய மாணவர்கள் கல்லூரி சேர்க்கைக்காக ஸ்டடி சர்டிபிகேட் கேட்டு வருவார்கள். இன்னார் எங்கள் பள்ளியில் இத்தனை வருடம் படித்தார் என்று நாங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். தலைமையாசிரியை கையெழுத்துப் போடுவார். பிறகு அதைக் கல்வி அலுவலகத்துக்குக் கொண்டுபோய் அங்குள்ள அதிகாரியிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். இரண்டு கையெழுத்தும் இருந்தால்தான் அது செல்லும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ராஜேந்திரனும் அவருடைய மகள் ஹேமலதாவும் ஆபீசுக்குள் வந்தார்கள். ஹேமலதா எங்களிடம் பத்து வருடம் படித்த பெண். நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க் வாங்கியிருந்தாள். அக்ரி, அதாவது விவசாயப் படிப்பு, படிக்க வேண்டும் என்று ஆசை. அவளுடைய ஸ்டடி சர்டிபிகேட்டை நான் ஒரு வாரத்துக்கு முன்பே கொடுத்திருந்தேன்.

ராஜேந்திரன் காகிதத்தை என் மேஜை மேல் வைத்தார். "மேடம், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. என் பொண்ணு யாருன்னு."

படித்தேன். ராஜேந்திரனின் மகள் ஹேமாவதி, ஒன்றாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இப்பள்ளியில் படித்தார், நடத்தை மிக நன்று என்று இருந்தது. கீழே, தலைமையாசிரியை, ஹேமாவதி. பக்கத்தில் கல்வி அலுவலக அதிகாரியின் கையெழுத்தும் சீலும்.

"காலேஜ் சீட்டுக்கு சர்டிபிகேட் வெரிஃபிகேஷன் நாளை மறுநாள் மேடம்" என்றாள் ஹேமலதா. "பேப்பரையெல்லாம் நேத்து வரிசையா அடுக்கும்போதுதான் பார்த்தேன்."

காகிதத்தை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். கம்ப்யூட்டர் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் அது கையால் எழுதிய சர்டிபிகேட்.

ஹேமாவதி மேடத்துக்கு ஐம்பத்தேழு வயது. கண்டிப்பானவர். காகிதத்தை மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை படித்தார்.

"ராஜேந்திரன் யாரு?"

"பாத்திரக்கடைக்காரர் மேடம். வெளியில நிக்கிறாரு."

மேடம் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். "அந்தாளுக்கு நாப்பத்தஞ்சு வயசு இருக்குமா? என்னைவிடப் பன்னெண்டு வயசு சின்னவரு எனக்கு அப்பாவா?"

மேடம் மறுபடி காகிதத்துக்குத் திரும்பினார்.

"நடத்தை மிக நன்றுன்னு போட்டிருக்கே. அந்த வரைக்கும் சரி" என்றார். பிறகு தன் கையெழுத்தின் மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் இதைப் படிக்காமத்தானே போட்டிருக்கேன் கலா. கெளம்பு, கல்வி ஆபீசுக்குப் போலாம். லெட்டர்ஹெட் நாலு எடுத்துக்கோ."

4. பெஞ்சில் எழுதிய கடிதம்

மேடம், நான், ராஜேந்திரன் மூவரும் ஆட்டோவில் போனோம். ஹேமலதாவை ராஜேந்திரன் தன் கடையில் உட்கார வைத்துவிட்டு வந்தார்.

கல்வி அலுவலகத்தில் அப்போது பொறுப்பிலிருந்தவர் கிருஷ்ணப்பா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கன்னடக்காரர். எங்களிடம் தமிழ்தான் பேசுவார், கன்னடம் கலந்து. விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு பெரிய பதிவேட்டைத் திறந்தார்.

"நோடியம்மா, பாருங்க, ஒரு ஸ்டூடென்ட்டுக்கு ஒண்ணுதான் என்ட்ரி. இது ஏறிடுச்சு. இதைக் கேன்சல் பண்ணாம இன்னொண்ணு கொடுக்க ஆகல்ல. கேன்சல் பண்ணணும்னா மேலே எழுதணும். என்கொயரி வரும். எழுதின கிளார்க் எக்ஸ்பிளனேஷன் கொடுக்கணும். பதினைஞ்சு நாளு ஆகும்."

"நாளை மறுநாள் வெரிஃபிகேஷன் சார்" என்றார் ராஜேந்திரன்.

"அதுக்கு நான் இன்னா பண்றது? தப்பு பண்ணது நீங்க."

தானும் அதே தப்பின் மேல் கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்பதை அவர் சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒண்ணு பண்ணுங்க" என்றார். "ஹெட்மிஸ்ட்ரஸ் ஒரு லெட்டர் கொடுங்க. 'நான் இந்தப் பள்ளியில் படிக்கவில்லை'ன்னு. அதை வச்சு இங்கேயே ஏதாவது ஆகுமான்னு பார்க்கிறேன்."

நானும் மேடமும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் லெட்டர்ஹெட்டில் எழுதினேன். எழுதி முடித்து அவரிடம் கொடுத்தேன். மேடம் இந்த முறை ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாகப் படித்தார்.

"'தலைமையாசிரியையான ஹேமலதா என்னும் நான்...'" நிறுத்தினார். "கலா, இப்போ அந்தப் பொண்ணை ஹெச்எம் ஆக்கிட்டே."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. "எனக்கு என்னமோ ஆயிடுச்சு மேடம்" என்றேன். ஒரு வருடமாக மறைத்ததெல்லாம் அந்தப் பெஞ்சில் வெளியே வந்தது. சாம்பார் பொடி, கிழித்த பக்கங்கள், கோலார் டாக்டர், யாருடையதோ செருப்பு, ரிப்பேருக்குப் போன கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடிதத்தை மடித்துக்கொண்டே சொன்னார். "போன மாசம் நான் எங்க வீட்டுச் சமையல்ரூம் வாசல்ல நின்னு 'மே ஐ கம் இன்'னு கேட்டேன். உள்ளே எங்க வீட்டுக்காரர் காபி போட்டுக்கினு இருந்தாரு. 'கம் இன்'னு சொன்னாரு. நானும் உள்ளே போயி, 'தேங்க் யூ சார்'னு சொன்னேன். அப்புறம் ரெண்டு பேரும் அதைப் பத்திப் பேசவே இல்லை."

"நிஜமாவா மேடம்?"

"காலைல அசெம்பிளில அந்தக் குண்டுப் பையன் பேரு வரலைன்னு நாலு மாசமா அவனை 'லீடர்'னு கூப்பிடுறேன். அவன் லீடரே இல்லை. இப்போ மத்த பசங்களும் லீடர்னே கூப்பிடுறாங்க. நீ எழுதிக் கொண்டாறதைப் படிக்காமப் போடுவேன். படிச்சா தலை வலிக்குது. கலா எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

நான் புதிதாக ஒரு தாள் எடுத்தேன். ஹேமாவதி என்று எழுதினேன். 'நான் இந்தப் பள்ளியில் படிக்கவில்லை' என்ற வரிக்கு வந்ததும் மேடம் என் கையைப் பிடித்தார்.

"அப்படி எழுதாதே."

"ஏன் மேடம்?"

"நான் இந்த ஸ்கூல்லதானே படிச்சேன். ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும்."

எனக்கு அது தெரியாது. அவருக்கும் அதுவரை ஞாபகம் வரவில்லை. உள்ளே போய்க் கிருஷ்ணப்பாவிடம் சொன்னோம். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அப்போ சர்டிபிகேட் சரிதானே?"

"நான் படிச்சது நாப்பது வருஷத்துக்கு முன்னாடி சார்."

"பேரு சரி, ஸ்கூலு சரி, கிளாஸு சரி" என்று அவர் விரல் விட்டு எண்ணினார். "வருஷமும் அப்பாவும் மாத்திரம் தப்பு."

"சார், அப்பா நானுங்க" என்றார் ராஜேந்திரன்.

5. விரல் முட்டிக் கணக்கு

மேஜை மேல் சர்டிபிகேட் கிடந்தது. இனி எக்ஸ்பிளனேஷன் எழுதிக் கொடுப்பதுதான் வழி, பதினைந்து நாளில் அந்தப் பெண்ணின் சீட் போய்விடும் என்று நினைத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருத்துகிற பழக்கம், கண் தானாகவே வரி வரியாகப் போனது. மேடத்தின் கையெழுத்துக்குக் கீழே நான் எழுதிய தேதி, ஜூலை ஒன்று. கிருஷ்ணப்பாவின் கையெழுத்துக்குக் கீழே அவர் எழுதிய தேதி வேறாக இருந்தது.

"சார், நாங்க ஜூலை ஒண்ணாந்தேதி எழுதினதுக்கு நீங்க முந்தின நாளே கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"அது ஹேகே, எப்படி ஆகும்? ஒண்ணாந்தேதிதானே இவரு கொண்டுவந்தாரு."

"முப்பத்தொண்ணு, ஆறுன்னு கீது சார்."

"ஹௌது, ஆமா. ஜூன் முப்பத்தொண்ணு" என்றார் அவர், சாதாரணமாக.

முதலில் ராஜேந்திரன் கையை மடக்கி விரல் முட்டிகளில் ஜனவரி, பிப்ரவரி என்று தொட்டுக்கொண்டு போனார். ஜூன் பள்ளத்தில் விழுந்தது, அதாவது முப்பது நாள்தான். மேடமும் எண்ணிப் பார்த்தார், பள்ளம்தான். கிருஷ்ணப்பா வலது கையில் எண்ணினார். பிறகு நம்பாமல் இடது கையில் எண்ணினார். நடுவில் ஒரு மாதத்தை விட்டுவிட்டதால் ஒருமுறை அவருக்கு முப்பத்தொன்று வந்தது. மறுபடி எண்ணினார். பதிவேட்டைத் திறந்து பார்த்தால் அங்கேயும் அதே தேதியைத்தான் எழுதியிருந்தார். முந்தின நாள் முப்பது, ஆகவே மறுநாள் முப்பத்தொன்று என்று கை தானாகப் போயிருக்கிறது.

அவர் முகம் வாடிவிட்டது. கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு வருடமாக என் முகத்தில் இருந்த பார்வைதான் அது.

"எனக்கும் கொஞ்ச நாளா இப்படித்தான் சார்" என்றேன். "நோட்டீஸ் போர்டுல நியூவுக்கு முன்னாடி கே போட்டேன்."

"ஹௌதா?" என்றார். குரலைத் தாழ்த்தி, "போன வாரம் என் மக போட்டோவுக்குக் கீழே என் பேரை எழுதி பேங்க்ல கொடுத்துட்டேன்" என்றார்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிகாரி குரல் திரும்பி வந்தது. "சரி. ஜூன் முப்பத்தொண்ணுன்னு ஒரு நாளே இல்லை. இல்லாத நாள்ல நான் கையெழுத்துப் போட்டிருக்க முடியாது. அப்போ போடல. போடாததைக் கேன்சல் பண்ண வேண்டியதில்லை. ஆய்த்து, முடிஞ்சுது."

"அப்போ இதுல இருக்கிறது யாரு கையெழுத்து?" என்று மேடம் கேட்டார்.

மேஜைக்குக் கீழே நான் அவர் காலை மிதித்தேன். இருபத்தாறு வருடத்தில் அவரிடம் நான் நடந்துகொண்ட ஒரே மரியாதைக் குறைவு அதுதான். மேடம் புரிந்துகொண்டு வாயை மூடிக்கொண்டார்.

கிருஷ்ணப்பா பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் தேதி பிழை என்று எழுதி, சின்னக் கையெழுத்துப் போட்டார். நான் அங்கேயே புது சர்டிபிகேட் எழுதினேன். ராஜேந்திரன் அதைச் சத்தமாகப் படித்தார். பிறகு மேடம் படித்தார். கிருஷ்ணப்பா ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி விரலை வைத்து, "ஹே, ம, ல, தா" என்று படித்தார். கதவருகே வந்த பியூன் நாங்கள் ஏதோ உறுதிமொழி எடுக்கிறோம் என்று நினைத்து அட்டென்ஷனில் நின்றான். தேதி எழுதுவதற்கு முன் கிருஷ்ணப்பா எங்கள் மூவரையும் பார்த்தார். மூவரும் சேர்ந்து தேதியைச் சொன்னோம்.

வியாழக்கிழமை வெரிஃபிகேஷன் ஒழுங்காக முடிந்தது. ஹேமலதாவுக்கு அவள் கேட்ட படிப்பே கிடைத்தது. சேர்ந்துவிட்டு ஒரு நாள் பள்ளிக்கு வந்து, அப்பா கொடுக்கச் சொன்னார் என்று எனக்கும் மேடத்துக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தாள். மூடியில் பெயர் வெட்டியிருந்தது. இரண்டிலும் ஹேமாவதி என்றே இருந்தது. அந்தப் பெயர் ராஜேந்திரனின் தலைக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கும் என்று எனக்குப் புரிந்தது. திருப்பிக் கொடுக்கவில்லை. மதியம் எது யாருடையது என்று திறந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறோம்.

6. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு

ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வயது ஏறும்போது கை தவறும். டாக்டரைப் பாருங்கள், தூங்குங்கள், அதெல்லாம் சரி. ஆனால் மறைக்காதீர்கள். நான் மறைத்த அந்த ஒரு வருடத்தில் செய்த தப்புகளில் பாதி, மறைக்கிற அவசரத்தில் செய்தவை.

அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்தக் காகிதமும் கையெழுத்துக்குப் போகும் முன், அது யாருடையதோ அவரே அதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். முதல் வாரம் எனக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் பழகிவிட்டது. மேடமும் இப்போது படித்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறார்.

தப்புகள் நிற்கவில்லை. போன வாரம் ஒரு பையனுடைய சர்டிபிகேட்டில் பிறந்த தேதிக்குப் பதில் அன்றைய தேதியை எழுதிவிட்டேன். அவன் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "இன்னிக்குத்தான் பொறந்தான்னு போட்டுகீறீங்க மேடம்" என்றார். பையன் பக்கத்தில் அரும்பு மீசையோடு நின்றுகொண்டிருந்தான். கொடுங்க என்று வாங்கி, வேறு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை.